இத்தாலிய நகைச்சுவைப் படங்கள்: ஆறு வாரம், மூன்று படம்

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு வந்த இத்தாலிய நகைச்சுவைப் படங்களை ஒழுங்காகப் பார்த்துவிட வேண்டும் என்று ஆறு வாரத்துக்கு முன் ஆரம்பித்தேன். ஒவ்வொரு படமும் இரண்டு தடவை, வாரத்துக்கு ஒரு தடவை. மூன்று படம் முடிந்திருக்கிறது.

முதலில் மாரியோ மோனிசெல்லியின் 'இ சொலிட்டி இன்யோட்டி' (1958). தலைப்பை நம் செய்தித்தாள் பாஷையில் சொன்னால் 'வழக்கமான மர்ம நபர்கள்'. ரோமில் கையில் காசில்லாத சிலர் ஓர் அடகுக்கடையில் திருடத் திட்டம் போடுகிறார்கள். முதல் தடவை எனக்குச் சிரிப்பே வரவில்லை. கண் முழுக்க சப்டைட்டிலிலேயே இருந்தது. இரண்டாம் தடவை கதை தெரியும் என்பதால் முகங்களைப் பார்த்தேன். கபன்னெல்லே என்ற கிழவர் கிடைத்ததையெல்லாம் தின்றுகொண்டே இருப்பது அப்போதுதான் கண்ணில் பட்டது. கடைசியில் அடகுக்கடைச் சுவர் என்று நினைத்து இடித்தால், அது அவர்கள் புகுந்திருந்த பக்கத்து வீட்டின் சமையலறைச் சுவர். அங்கே இருந்த பாஸ்தாவையும் கொண்டைக்கடலையையும் எடுத்துவைத்துச் சாப்பிடுகிறார்கள். படம் முழுக்க அவர்களுக்கு இருந்த பசிக்கு அந்தச் சாப்பாடுதான் கிடைத்தது. அந்த இடத்தில் வாய்விட்டுச் சிரித்தேன், தொண்டையும் அடைத்தது.

அப்புறம் சப்டைட்டிலை அணைத்துவிட்டுச் சில காட்சிகளை மட்டும் கேட்டுப் பார்த்தேன். விட்டோரியோ காஸ்மன் அதுவரை கனமான வேடங்களுக்குப் பேர்போன மேடை நடிகர். இதில் மூக்கையும் நெற்றியையும் ஒப்பனையில் மாற்றிக்கொண்டு, திக்கித் திக்கிப் பேசுகிறார். பெரிய ஆள் போலப் பேசவரும்போதுதான் திக்கல் அதிகம். மொழி தெரியாமலே அது புரிகிறது.

அடுத்தது பியெத்ரோ ஜெர்மியின் 'திவோர்சியோ அல்இத்தாலியானா' (1961), அதாவது 'இத்தாலிய பாணி விவாகரத்து'. இதை ரசிக்கச் சட்டம் தெரிந்திருக்க வேண்டும். அன்று இத்தாலியில் விவாகரத்தே கிடையாது, 1970 டிசம்பரில்தான் வந்தது. ஆனால் மனைவியைக் கள்ள உறவில் கண்டு அந்த ஆத்திரத்தில் கொன்றவனுக்குத் தண்டனைச் சட்டத்தின் 587ஆம் பிரிவு 3 முதல் 7 ஆண்டு சிறையோடு விட்டுவிடும். மகளையோ சகோதரியையோ கொன்றாலும் அப்படித்தான். 1981 வரை அந்தப் பிரிவு இருந்தது. மார்செல்லோ மாஸ்ட்ரோயானி நடிக்கும் சிசிலிப் பிரபுவுக்கு இளம் பெண் ஒருத்தி மேல் ஆசை. மனைவியிடமிருந்து விடுபட வழியில்லை. அதனால் அவளுக்கு ஒரு காதலனைத் தானே தேடிப்பிடிக்கிறான்! சட்டத்தைப் படித்துவிட்டு மறுபடி பார்த்தபோது, அவன் மனதுக்குள் ஓடும் வக்கீல் வாதம் ஒவ்வொரு வரியும் சுருக்கென்றது. அந்தச் சட்டத்தைத்தான் ஜெர்மி நையப்புடைக்கிறார். மாஸ்ட்ரோயானி வாயோரத்தை ஒரு பக்கமாக இழுத்துச் 'ச்' கொட்டுவதைக் கவனியுங்கள், அந்த ஆளின் சோம்பலும் திமிரும் அதில் இருக்கிறது. இந்த வகைப் படங்களுக்கே 'கொம்மேதியா அல்இத்தாலியானா' (இத்தாலிய பாணி நகைச்சுவை) என்ற பேர் இந்தத் தலைப்பை ஒட்டித்தான் வந்தது.

மூன்றாவது, தீனோ ரீசியின் 'இல் சொர்பாஸ்ஸோ' (1962), அதாவது வண்டியில் 'முந்திச்செல்வது'. எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். ஆகஸ்ட் 15 விடுமுறை, ரோம் நகரமே காலி. காஸ்மன் லான்சியா அவுரேலியா காரில் வந்து, தனியாகப் படித்துக்கொண்டிருக்கும் சட்ட மாணவனை ஏற்றிக்கொண்டு கிளம்பிவிடுகிறார். வழியெல்லாம் முந்துவதும் ஹாரன் அடிப்பதும்தான். நாட்டில் திடீரென்று பணம் புரள ஆரம்பித்த காலம், அந்த அவசரம் காரிலேயே தெரிகிறது. முடிவு தெரியாதவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.

கார் பள்ளத்தில் விழுந்து மாணவன் இறந்துபோகிறான். போலீஸ்காரர் அவன் பேரைக் கேட்கிறார். ரொபெர்தோ என்கிறார் காஸ்மன். குடும்பப் பெயர் தெரியாது, நேற்றுக் காலையில்தான் பழக்கம். இரண்டு நாளும் வாய் ஓயாமல் பேசிய மனிதருக்கு அதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை. இரண்டாம் தடவை, முதல் ஹாரன் சத்தத்திலேயே எனக்கு அந்தப் பள்ளம் ஞாபகம் வந்துவிட்டது.

அடுத்த வாரம் ஜெர்மியின் 1964 படம், 'செதொத்தா எ அப்பந்தோனாத்தா'. சட்டத்தை முதலிலேயே படித்துவிட்டு உட்காரப் போகிறேன்.