வினா எழவில்லை

"போறதுதான் சார் பிரச்சனை" என்று அந்தப் பெண் போனில் சொன்னது எனக்குத் தெளிவாகக் கேட்டது. லைன் கரகரவென்று இருந்தது, பக்கத்து சீட்டில் யாரோ சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள், அதனால் சரியாகக் காதில் விழவில்லை என்று ரொம்ப நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அப்படியில்லை. கேட்டது. கேட்டுவிட்டுத்தான் எழுதினேன்.

பேரவை நடக்கும் மாதங்களில் கோட்ட அலுவலகத்தில் இருந்தவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. "எல்.ஏ.க்யூ வந்திருக்கு", அதாவது சட்டமன்றக் கேள்வி வந்திருக்கிறது, என்று ஒரு குரல் வந்தால் மேஜையில் இருக்கிற அத்தனை தபாலும் ஓரமாகப் போய்விடும். மதியம் மூன்று மணிக்கு மெயிலில் வரும். ஐந்து மணிக்குள் விடை போக வேண்டும். சென்னையில் அது எத்தனை நாள் கிடந்தது என்று யாரும் கேட்பதில்லை. நமக்கு இரண்டு மணி நேரம், அவ்வளவுதான்.

அன்றைக்கு வந்தது சின்னக் கேள்வி. மதுரைக்குக் கிழக்கே ஒரு கண்மாய். பெயர் வேண்டாம். (அ) மேற்படி கண்மாயின் மடை பழுதடைந்துள்ளதை அரசு அறியுமா? (ஆ) ஆம் எனில், அதைச் சீரமைக்க அரசு ஆவன செய்யுமா? வேறொன்றுமில்லை. ஆனால் நட்சத்திரக் குறி போட்ட கேள்வி. அமைச்சர் எழுந்து நின்று பதில் சொல்ல வேண்டும், அதன்மேல் துணைக்கேள்வி வரும்.

பிரிவுப் பொறியாளர் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகாத பெண். அரை மணி நேரத்தில் அறிக்கை அனுப்பிவிட்டார். "மடை பழுதடைந்துள்ளது. திருகு ஷட்டர் துருப்பிடித்து இயங்கவில்லை. விவசாயிகள் சாக்குமூட்டை, வைக்கோல் பிரி கொண்டு அடைத்துப் பயன்படுத்துகின்றனர்." மூன்று வரி. மூன்றும் உண்மை. அதைப் படித்ததும் எனக்கு எரிச்சல்தான் வந்தது. இப்படியா எழுதி அனுப்புவார்கள்?

போன் போட்டேன்.

"ஏம்மா, பழுதுன்னு எழுதியிருக்கீங்க. நாளைக்கே எஸ்டிமேட் எங்கேன்னு கேப்பாங்க. இருக்கா?"

"இல்ல சார். போன வருஷம் அனுப்பினது நிதி இல்லைன்னு நிக்குது."

"அப்புறம் எப்படிம்மா ஆம்னு போடுறது? சரி, மடையில தண்ணி போகுதா இல்லையா?"

"போகுது சார்." கொஞ்சம் இடைவெளி விட்டு, "போறதுதான் சார் பிரச்சனை. மூட முடியல."

நான் "சரி சரி, பாத்துக்கிறேன்" என்று வைத்துவிட்டேன். பிறகு வரைவில் எழுதினேன்: (அ) மேற்படி கண்மாயின் மடை வழியாகப் பாசனத்திற்குத் தண்ணீர் சென்று வருகிறது. மடை பயன்பாட்டில் உள்ளது. (ஆ) வினா எழவில்லை.

இதில் பொய் எங்கே இருக்கிறது என்று யாராவது காட்டட்டும். தண்ணீர் போகத்தான் செய்தது. அந்த வருடம் கார்த்திகையில் போக ஆரம்பித்த தண்ணீர் ராத்திரி பகல் பாராமல் போய்க்கொண்டே இருந்தது. கண்மாய் வற்றும்வரை போனது.

நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். "ஆம்" என்று எழுதினால் என்ன ஆகும் என்பது அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர்களுக்குத்தான் தெரியும். ஆம் என்றால் (ஆ)வுக்கு ஏதாவது சொல்ல வேண்டும். நிதி இல்லாமல் "சீரமைக்கப்படும்" என்று அமைச்சர் சொல்லிவிட்டால் அது உறுதிமொழி. உறுதிமொழி என்றால் அதைத் துரத்துவதற்கென்றே ஒரு குழு இருக்கிறது. மக்களவையில் 1953-லேயே இதற்குக் குழு போட்டுவிட்டார்கள். அங்கே "பரிசீலனையில் இருக்கிறது" என்று அமைச்சர் வாய்விட்டுச் சொன்னாலே உறுதிமொழிக் கணக்கில் ஏற்றிவிடுவார்கள், மூன்று மாதத்தில் முடித்தாக வேண்டும். நம் பேரவையிலும் உறுதிமொழிக் குழு உண்டு. மாவட்டத்துக்கு வரும். சுற்றுலா மாளிகையில் ரூம் போட்டு, பழைய உறுதிமொழி ஒவ்வொன்றாக எடுத்து, "இது என்னாச்சு?" என்று கேட்கும். பத்து வருடத்துக்கு முந்தைய அமைச்சர் சொன்னதற்கு இன்றைய பொறியாளர் கையைப் பிசைந்துகொண்டு நிற்பார். இதையெல்லாம் பார்த்தவன் "ஆம்" என்று எழுதுவானா?

எங்கள் கண்காணிப்பாளர் ஒருவர் இருந்தார். எல்.ஏ.க்யூ வரும் ஒவ்வொரு தடவையும் டி.டி.கே. கதையைச் சொல்வார். எல்.ஐ.சி. பணம் முந்த்ரா என்ற தொழிலதிபரின் கம்பெனிகளின் பங்கில் போனது எப்படி என்று 1957-இல் மக்களவையில் கேட்டார்கள். பெரோஸ் காந்தி விடாமல் பிடித்துக்கொண்டார். நீதிபதி சாக்ளா விசாரித்தார். 1958 பிப்ரவரியில் நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி ராஜினாமா. "ஒரு கேள்வி, ஒரு மந்திரி. எழுதும்போது கையி நடுங்கணும்யா" என்பார். பெரோஸ் காந்தி பிரதமரின் மருமகன், ஆளுங்கட்சிக்காரர், தன் கட்சி அமைச்சரைத்தான் கேட்டார் என்பதை மட்டும் அவர் சொன்னதில்லை. கதையிலிருந்து நாங்கள் எடுத்துக்கொண்டது பயத்தை மட்டும்தான். கேட்டவரின் கோணம் எங்கள் அலுவலகத்துக்கு வந்து சேரவே இல்லை.

விடை போயிற்று. வட்டம், மண்டலம், சென்னை, கோட்டை என்று ஒவ்வொரு மேஜையாக ஏறியது. வழியில் யாராவது "பயன்பாட்டில் உள்ளதுன்னா என்னய்யா அர்த்தம்? பழுதா, இல்லையா?" என்று ஒரு கேள்வி போட்டுத் திருப்பி அனுப்புவார்கள் என்று உள்ளூர ஓர் எதிர்பார்ப்பு இருந்தது. கேட்டால் சொல்லிவிடலாம் என்று பொறியாளரின் அறிக்கையைக் கோப்பில் அப்படியே வைத்திருந்தேன். யாரும் கேட்கவில்லை. என் வாக்கியத்தில் ஒரு கமா மட்டும் கூடியிருந்தது. மேலே இருப்பவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று நான் இருந்தேன். கீழே பார்த்துவிட்டுத்தான் எழுதியிருப்பார்கள் என்று அவர்கள் இருந்திருப்பார்கள்.

அவையில் நடந்ததைப் பிறகு நடவடிக்கைக் குறிப்பின் நகலில் படித்தேன். அமைச்சர் என் இரண்டு வரியையும் படித்தார். உறுப்பினர் துணைக்கேள்விக்கு எழுந்தார். எனக்கு இப்போதும் அந்தப் பக்கத்தைப் படிக்கையில் நெஞ்சு கொஞ்சம் அடித்துக்கொள்ளும். அவர் அந்த ஊர்க்காரர், மடையைப் பார்த்தவர். "மூட முடியுதா?" என்று இரண்டே வார்த்தை கேட்டிருந்தால் போதும். துணைக்கேள்விக்கென்று நாங்கள் அனுப்பிய குறிப்பில் ஆயக்கட்டு ஏக்கர், கலுங்கின் நீளம், கரையின் உயரம் எல்லாம் இருந்தன. ஷட்டர் பற்றி ஒரு வரி இல்லை. அமைச்சர் திணறியிருப்பார், மறுநாள் காலை எங்கள் அலுவலகம் பற்றியெரிந்திருக்கும், மடைக்கும் விடிவு வந்திருக்கும்.

அவர் கேட்டது பேருந்து. தலைவருக்கு நன்றி, தொகுதி மக்கள் சார்பில் வாழ்த்து, அமைச்சருக்குப் பாராட்டு எல்லாம் முடித்து, பேரவைத் தலைவர் "கேள்விக்கு வாங்க" என்று சொன்ன பிறகு, அந்தக் கண்மாய்க்கரை வழியாக ஒரு டவுன் பஸ் விட அரசு முன்வருமா என்று கேட்டார். அது தன் துறையைச் சேர்ந்ததல்ல என்று அமைச்சர் உட்கார்ந்துவிட்டார். வெள்ளைக்காரன் காலத்தில் 1892-இல் கேள்வி கேட்கும் உரிமை மட்டும்தான் கொடுத்தார்கள். பதிலைப் பிடித்துக்கொண்டு அடுத்த கேள்வி கேட்க 1909 வரை காத்துக்கிடக்க வேண்டியிருந்தது. பதினேழு வருடம் காத்து வாங்கிய துணைக்கேள்வி அன்றைக்கு டவுன் பஸ்ஸில் ஏறிப் போனது. இப்படிச் சொல்வதில் எனக்கு ஒரு சந்தோஷம் இருக்கிறது, மறைப்பானேன். பழியை அவர் பக்கம் கொஞ்சம் தள்ளிவிட முடிகிறது.

ஆனால் அடுத்து நடந்ததற்கு அவர் பொறுப்பில்லை. மறு வருடம் அதே பெண் அதே மடைக்கு மறுபடி மதிப்பீடு தயாரித்து அனுப்பினார். புதுச் சட்டகம், ஷட்டர், திருகு, மடைத்தொட்டிக்குப் பூச்சு என்று சின்னத் தொகைதான். கோப்பு என் மேஜைக்கு வந்தது. நான் என்ன குறிப்பு வைத்தேன் தெரியுமா? "மேற்படி மடை பயன்பாட்டில் உள்ளதாகச் சட்டமன்றப் பேரவையில் விடை அளிக்கப்பட்டுள்ளது. எனவே முரண்பாடு எழாவண்ணம் பரிசீலித்து மீண்டும் சமர்ப்பிக்கலாம்." நான் எழுதிய பொய்யை, மன்னிக்கவும், நான் எழுதிய அரைகுறையை ஆதாரமாகக் காட்டி நானே மதிப்பீட்டைத் திருப்பினேன். விதிப்படி சரியான குறிப்பு அது. இன்றைக்கும் யாராலும் தப்புச் சொல்ல முடியாது. அவையில் ஒன்று சொல்லிவிட்டுக் கோப்பில் வேறொன்று செய்தால் அமைச்சர் அவையைத் தவறாக வழிநடத்தியதாகிவிடும், உரிமை மீறல் வரைக்கும் போகும். அவையில் விழுந்த வார்த்தை அப்படித்தான். கருங்கல் மாதிரி இறுகிவிடும். அது யார் கையால் கிறுக்கியது என்பது அங்கே யாருக்கும் தெரியாது.

அந்தப் பெண் அதற்கு ஒன்றும் சொல்லவில்லை. பேசவும் இல்லை. "குறிப்பு பெறப்பட்டது" என்று எழுதி வாங்கிக்கொண்டார்.

அந்தக் கோடையில் ஒரு பெரியவரும் அவர் மகனும் அலுவலகம் வந்தார்கள். பெரியவர் அந்த ஊர் நீர்பாய்ச்சி. கண்மாய் பெருகிக் கிடக்கும்போது முக்குளித்துப் போய் மடைக்கண்ணில் சாக்கைத் திணித்துவிட்டு மேலே வருபவர். கை விரல் நுனியெல்லாம் கறுத்து, நகங்கள் பாதி தேய்ந்திருந்தன. வலது கட்டைவிரலில் பழைய வெட்டு ஒன்று குறுக்கே ஓடியது. ஷட்டர் தகடு கிழித்தது என்று பிறகு சொன்னார். பையன் கல்லூரிக்காரன். தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப்போட்டு மடை சம்பந்தமான கோப்பு முழுவதையும் நகல் வாங்கியிருந்தான். 2005-இல் வந்த அந்தச் சட்டத்தில் எட்டாம் பிரிவில் 2025 வரை ஒரு வரி இருந்தது: நாடாளுமன்றத்துக்கோ மாநிலச் சட்டமன்றத்துக்கோ மறுக்க முடியாத தகவலை எந்த ஆளுக்கும் மறுக்கக்கூடாது. சட்டம் எழுதியவர்கள் எம்.எல்.ஏ.வுக்குக் கிடைப்பது குடியானவனுக்கும் கிடைக்கட்டும் என்று நினைத்திருக்கிறார்கள். எங்கள் விஷயத்தில் தலைகீழ். பேரவைக்குப் போகாதது அந்தப் பையனுக்குப் போயிருந்தது.

இரண்டு தாளை என் மேஜையில் பக்கத்துப் பக்கத்தில் வைத்தான். ஒன்று அந்தப் பெண்ணின் மூன்று வரி. இன்னொன்று அமைச்சர் படித்த என் இரண்டு வரி. பெரியவருக்குப் படிக்கத் தெரியாது போலிருக்கிறது, மகன் ஏற்கெனவே படித்துக் காட்டியிருக்க வேண்டும். விரலை முதலில் இந்தத் தாளிலும் பிறகு அந்தத் தாளிலும் வைத்தார்.

"இதுல எது சார் எங்க மடை?"

சண்டை போடுகிற குரலே இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ள வந்தவர் மாதிரி கேட்டார். நான் "ரெண்டும்தான்யா" என்றேன். என் வாயிலிருந்து வந்தது அதுதான். அவர் மகனைப் பார்த்தார். மகன் என்னைப் பார்த்தான். டீ சொல்லட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று எழுந்துவிட்டார்கள்.

"ரெண்டும்தான்" என்பதை எத்தனையோ விதமாகத் திருப்பிப் பார்த்துவிட்டேன். தப்பில்லாத பதில்தான். அன்றைக்கு அந்த மேஜையில் வந்தது நிஜமான துணைக்கேள்வி, அதற்கும் நான் எல்.ஏ.க்யூ மாதிரியே பதில் சொல்லியிருக்கிறேன் என்பது வீட்டுக்குப் போகும் வழியில், கோரிப்பாளையம் சிக்னலில் நிற்கும்போதுதான் உறைத்தது.

மடை பிறகு சரியானது. 2017-இல் குடிமராமத்துத் திட்டம் மறுபடி வந்தபோது, யாரும் கேள்வி கேட்காமல், பட்டியலோடு பட்டியலாக அதுவும் போனது. புது ஷட்டர் போட்டார்கள். அதைக் கேள்விப்பட்டபோது எனக்கு ஒரு விபரீத யோசனை வந்தது, அது இன்னும் போகவில்லை: அந்த உறுப்பினர் கேள்வியே கேட்காமல் இருந்திருந்தால், மறு வருட மதிப்பீட்டிலேயே மடை சரியாகியிருக்குமோ? கேள்வி கேட்டதால்தானே மடை நன்றாக இருப்பதாகப் பதிவாயிற்று? அப்படியானால் கேள்வி நேரமே வேண்டாம் என்று சொல்கிறேனா? இல்லை. 2022 ஜனவரியிலிருந்து பேரவைக் கேள்வி நேரத்தை நேரலையில் காட்டுகிறார்கள். ஓய்வு பெற்றவனுக்கு வேறென்ன வேலை, உட்கார்ந்து பார்க்கிறேன். அமைச்சர் பதிலைப் படிக்கும்போது என் காது அவர் குரலைக் கேட்பதில்லை, எந்தக் கோட்டத்தில் எந்த மேஜையில் அந்த வரி பிறந்தது என்று தேடுகிறது. "வினா எழவில்லை" என்று வந்தால் டிவி சத்தத்தைக் கூட்டுவேன். வீட்டில் திட்டுவார்கள்.

போன மாதம் அந்தப் பெண் பேசினார். இப்போது வேறு மாவட்டத்தில் உதவி செயற்பொறியாளர். வருடக்கணக்காகப் பேச்சே இல்லை, திடீரென்று போன். நலம் விசாரித்துவிட்டு, "சார், ஒரு எல்.ஏ.க்யூ வந்திருக்கு. வாய்க்கால் மேல ஒரு சின்னப் பாலம், ஒரு பக்கம் கைப்பிடிச் சுவரு விழுந்து கிடக்கு. பழுதடைந்துள்ளதை அரசு அறியுமான்னு கேட்டிருக்காங்க. இந்த மாதிரிக்கு நீங்க எப்படிப் போடுவீங்க?" என்றார்.

இத்தனை வருடம் யோசித்ததையெல்லாம் சொல்ல அதைவிட நல்ல நேரம் கிடைக்காது. நான் கேட்டது இதுதான்.

"போக்குவரத்து இருக்காம்மா?"

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "இருக்கு சார்" என்றார்.