மண்ணெண்ணெய்க் கையும் பெற்றோல் எஞ்சினும்

யூன் 14, சனி
அத்தானின் வள்ளத்துக்குப் பெற்றோல் எஞ்சின் வந்துவிட்டது, பதினைந்து குதிரைவலு. 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ஆக ஏறியபோதே பழைய எஞ்சின் மேல் அவருக்கு மனம் விட்டுப்போயிருந்தது. "இழுத்த உடன ஸ்டார்ட், வேற என்ன வேணும்?" என்கிறார். சரி. எனக்கு எஞ்சினைப் பற்றிப் பயம் இல்லை. இத்தனை வருடம் மண்ணெண்ணெய் ஊற்றிப் பழகிய கையைப் பற்றித்தான்.

யூன் 16, திங்கள்
பின்னேரம் யாழ்ப்பாணத்துக் குருநகர்க் கரையில் எண்ணெய் ஊற்றும் வேலை. வள்ளத்துக்குள்ளேயே தாங்கியை வைத்து ஊற்றப் போனார். "அத்தான், தாங்கியைக் கரையில இறக்கி வையுங்கோ" என்றேன். முறைத்தார், ஆனாலும் இறக்கினார்.

மண்ணெண்ணெய் ஏறக்குறைய 38 பாகை செல்சியசுக்குச் சூடானால்தான் தீப்பற்றும் அளவுக்கு ஆவி விடும். பெற்றோலுக்கு அந்தச் சூடு எதுவும் தேவையில்லை, உறைகுளிரிலும் விடும். அந்த ஆவி காற்றை விட மூன்று நான்கு மடங்கு கனம். வள்ளத்துக்குள் சிந்தினால் சட்டிக்குள் நிற்கும் தண்ணீர் மாதிரி அடியில் கிடக்கும், கண்ணுக்கும் தெரியாது. கரையில் என்றால் சோளகக் காற்று அள்ளிக்கொண்டு போய்விடும். இன்று ஊற்றும்போது கானின் வாய்க்கு மேலே வெயில் நெளிந்தது. அதுதான் ஆவி. அந்த நேரம் பார்த்து பக்கத்து வள்ளத்து அண்ணை பீடியும் வாயுமாக வந்தார். அத்தானே துரத்திவிட்டார்!

விளிம்பு வரை நிரப்பவில்லை. வெயிலில் பெற்றோல் விரியும், கொஞ்சம் இடம் விடவேண்டும்.

யூன் 21, சனி
பெற்றோல் செட்டில் மோட்டார் சைக்கிள் கரியரில் கட்டியபடியே கானை நிரப்புகிறார்கள். நாங்கள் இறக்கி நிலத்தில் வைத்து, குழாயின் மூக்கைக் கானின் வாயில் முட்டவைத்துத்தான் அடிக்கச் சொன்னோம். எண்ணெய் ஓடும்போது நிலைமின் சேரும், ஒரு பொறி போதும். பின்னால் வரிசையில் நின்றவர்களுக்கு எரிச்சல்.

வீட்டுக்கு வந்து பெற்றோல் கானுக்குச் சிவப்புப் பெயின்ற் அடித்தேன். பழைய மண்ணெண்ணெய்க் கானிலிருந்துதான் அக்கா அடுப்பு மூட்ட எடுப்பது. அதற்குள் கொஞ்சம் பெற்றோல் கலந்தாலும் மண்ணெண்ணெய் மண்ணெண்ணெயாக இராது, நெருப்புக்குச்சியைக் காட்டியதும் பாயும். கடலில் நடப்பதை விட இந்தக் குசினி விபத்துத்தான் எனக்குப் பெரிய பயம். அக்கா இப்போது தன் கானை வேறாக எடுத்து வைத்துவிட்டாள்.

யூன் 29, ஞாயிறு
தொழில் இல்லை. பூசை முடிந்து வரும்போது கதை கேட்டேன்: வாயால் குழாயை உறிஞ்சி மண்ணெண்ணெய் இறக்கப்போன ஒரு பெடியன் விழுங்கிவிட்டானாம். உப்புத்தண்ணி குடுத்துச் சத்தி எடுக்கவைக்கப் பார்த்திருக்கிறார்கள். கூடவே கூடாது. சத்தி வரும்போது எண்ணெய் நுரையீரலுக்குள் போனால் வயிற்றில் கிடப்பதை விட மோசம். நல்லகாலம், யாரோ ஓட்டோ பிடித்துப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். கையால் அமுக்கும் பம்ப் ஒன்று வாங்கினால் முடிந்த கதை.

அப்புறம் தீயணைப்புக் கருவி. "கடல் முழுக்கத் தண்ணிதானே?" என்று அத்தான் சிரித்தார். பெற்றோல் தண்ணீரில் மிதக்கும், தண்ணீரை அடித்தால் நெருப்பும் அதோடு சேர்ந்து பரவும் என்றதும் சிரிப்பு நின்றது. உலர் தூள் கருவியின் விலை கேட்டுவரச் சொல்லியிருக்கிறார். அதை எஞ்சினுக்குப் பக்கத்தில் கட்டப்போகிறாராம். தீப்பிடிப்பதே அங்கேதானே, வள்ளத்தின் முன்பக்கம், அணியத்தில் கட்டினால்தான் எட்டி எடுக்கலாம் என்று சொல்லியிருக்கிறேன்.