பி.ஏ. செட்டோடு டேங்குக்குள் இறங்குவதில் உள்ள தொல்லைகள்

டேங்குக்குள் சோதனை வேலை ஒருவழியாக முடிந்தது. ஃபேன், லாக்-அவுட் (இணைப்புகளைத் துண்டித்துப் பூட்டுவது), டூல்பாக்ஸ் பேச்சு (வேலைக்கு முந்தைய பாதுகாப்புப் பேச்சு) எல்லாம் வழக்கம்போல நடந்தன, எழுத ஒன்றுமில்லை. பாடாய்ப் படுத்தியது உள்ளே இருக்கும் வாயுவை அளக்கும் கேஸ் ரீடிங்கும், முதுகில் சிலிண்டரும் முகத்தில் மாஸ்க்கும் கொண்ட மூச்சுக் கருவியான பி.ஏ. செட்டும்தான்.

உள்ளே இறங்க அனுமதிக்கும் பெர்மிட்டில் ஆக்ஸிஜன் 20.9 சதவீதம் என்று எழுதிக் கையெழுத்தும் போட்டிருந்தது. எங்கே எடுத்தது என்று கேட்டால், மேன்ஹோல் வாயில் மீட்டரை நீட்டிப் பார்த்தார்களாம். அது வெளிக்காற்றின் அளவு ஐயா! மீத்தேன் மேலே தேங்கும். ஹைட்ரஜன் சல்ஃபைடு கனமானது, அடியில் கிடக்கும். சாம்பிள் ட்யூபை இறக்கி மேல், நடு, அடி என்று தனித்தனியாக எடுக்க வேண்டும். ட்யூப் நீளமாக இருந்தால் உள்ளே இருக்கும் காற்று மீட்டருக்கு வந்து சேர நேரம் பிடிக்கும், அதுவரை எண்ணை நம்பக் கூடாது. மறுபடி எடுத்தபோது அடிமட்டத்தில் ஆக்ஸிஜன் பாதுகாப்பு எல்லையான 19.5 சதவீதத்துக்கும் கீழே. பெர்மிட்டைக் கிழித்துப் புதிதாக எழுதியதில் காலை முழுக்கப் போயிற்று.

எரியும் வாயு அதன் கீழ் வெடிப்பு வரம்பில் (தீப்பிடிக்கத் தேவையான குறைந்தபட்ச அளவில்) 10 சதவீதத்தைத் தொட்டால் செட் இருந்தாலும் இறங்கக் கூடாது. செட் நுரையீரலைத்தான் காக்கும், தீப்பொறியைத் தடுக்காது. "அழுகின முட்டை நாற்றம் வந்தால் ஏறி வந்துவிடலாம்" என்பவரிடமும் எச்சரிக்கை தேவை. ஹைட்ரஜன் சல்ஃபைடு 100 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 100 பங்கு) அளவுக்கு வந்தாலே மூக்கு மரத்துப்போய் நாற்றம் தெரியாது.

அடுத்து சிலிண்டர். ஸ்டோரில் "ஃபுல்" என்று சீட்டு ஒட்டிக் கொடுத்தார்கள். அழுத்தம் காட்டும் கேஜில் 240 பார்தான்; நிறைந்த சிலிண்டர் 300 காட்ட வேண்டும். "அது போதும், சின்ன வேலைதானே" என்று பதில் வேறு. கணக்கு இதுதான்: 6.8 லிட்டர் சிலிண்டர் 300 பாரில் சுமார் 2,040 லிட்டர். காற்று தீரப்போவதை எச்சரிக்கும் விசில் 55 பார் வாக்கில் அடிக்கும், அதற்கு முன் கையில் இருப்பது ஏறக்குறைய 1,670 லிட்டர். நிமிடத்துக்கு 40 லிட்டர் என்று தாளில் போட்டால் 40 நிமிடம் வரும். ஏணி ஏறி இறங்கி, குனிந்து நகரும்போது மூச்சு 80 லிட்டருக்குப் போகும்; 20 நிமிடம்தான் மிச்சம். 240 பார் சிலிண்டரில் அதுவே 15 நிமிடம். மாற்றித் தரச் சொல்லி நின்றதில் ஸ்டோர்க்காரர் முகம் கோணியது, பரவாயில்லை.

விசில் அடித்த பிறகு கிளம்பலாம் என்ற நினைப்பு ஆளைக் கொல்லும். வேலை இடத்தை அடைந்ததும் கேஜைப் பாருங்கள். உள்ளே போக 40 பார் செலவானால், ஏறி வர அதற்கு மேலும் ஆகும். இரண்டு மடங்காக 80 வையுங்கள், விசிலுக்கு 55 சேருங்கள். 135-ஐ நெருங்கும்போதே திரும்பிவிட வேண்டும்.

மாட்டுவதற்கு முன் லீக் டெஸ்ட்: வால்வைத் திறந்து மூடி ஒரு நிமிடம் கேஜைப் பாருங்கள். முள் 10 பாருக்கு மேல் இறங்கினால் அந்த செட் வேண்டாம். அப்படியே காற்றை மெல்லக் கசியவிட்டால் எந்த அளவில் விசில் அடிக்கிறது என்பதும் தெரிந்துவிடும். பிறகு வால்வை முழுக்கத் திறக்கவும். பாதி திறந்திருந்தாலும் கேஜ் நிறைவாகத்தான் காட்டும், ஆனால் மூச்சு இழுக்கும்போதெல்லாம் முள் சட்டென்று விழுந்து எழும். அந்தத் துடிப்பைக் கண்டால் நின்ற இடத்திலேயே வால்வைத் தொட்டுப் பாருங்கள்.

மாஸ்க்குக்கு எதிரி தாடி. சவரம் செய்யாத முகத்தில் விளிம்பு ஒட்டாது, கண்ணாடியின் காம்பும் அதே கேடு. சோதிக்க, சிலிண்டரை மூடிவிட்டு மூச்சை இழுங்கள். மாஸ்க் முகத்தோடு ஒட்டி அப்படியே நிற்க வேண்டும்.

பெரிய வாக்குவாதம் மேன்ஹோலில். முதுகில் செட்டோடு நுழைய இடிக்கிறது என்றதும், "கழற்றி முன்னால் இறக்கிவிட்டு உள்ளே போய் மாட்டு" என்றார் மேற்பார்வையாளர். முடியவே முடியாது. கயிற்றில் தொங்கும் செட் ஒருமுறை இடறினால் மாஸ்க்கும் முகத்தைவிட்டுப் போய்விடும். செட்டோடு நுழைய முடியாவிட்டால், வெளியிலிருந்து குழாய் வழியாகக் காற்று தரும் ஏர்லைனை, அவசரத்தில் தப்பி வர உதவும் சிறு சிலிண்டருடன் கேளுங்கள். கடைசியில் அகலமான வேறு மேன்ஹோலைத் திறந்தார்கள். முதலிலேயே அதைத் திறந்திருக்கலாம்!

வெளியே நிற்கும் ஸ்டாண்ட்பை ஆள் பதறி உள்ளே குதிக்கக் கூடாது, அவர் வேலை அலாரம் அடிப்பதும் கயிற்றை இழுப்பதும்தான். மாஸ்க்குக்குள் பேச்சு குழறும், ஆகவே கயிற்றுச் சைகையை முன்பே பேசிவையுங்கள்.

ஏறி வந்ததும் மேன்ஹோல் வாயிலேயே மாஸ்க்கைக் கழற்றாதீர்கள், வாயு அங்கேதான் வெளியேறும். காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அந்தப் பக்கம் தள்ளிப் போய்க் கழற்றுங்கள். சிலிண்டரை மூடிய பிறகு லைனில் உள்ள அழுத்தத்தையும் வெளியேற்றி முள்ளைப் பூஜ்ஜியத்துக்குக் கொண்டுவந்து வையுங்கள். இல்லாவிட்டால் அடுத்து எடுப்பவர் கேஜைப் பார்த்து வால்வு திறந்திருக்கிறது என்று நினைப்பார். சில மூச்சுக்குள் காற்று நின்றுவிடும்.