குழாயும் உங்கள் கருவியின் பகுதியா?

விண்ணப்பத்தின் மீதான ஆட்சேபங்களைப் பட்டியலிடும் காப்புரிமை அலுவலகத்தின் முதல் ஆய்வறிக்கை கைக்கு வந்ததும் எல்லோரும் நேராக ‘புதுமை’ என்ற தலைப்புக்குத்தான் ஓடுகிறார்கள். ‘தெளிவு’ என்ற தலைப்பின் கீழ் இருப்பதை ஏதோ ஆங்கிலப் பிழைதிருத்தம் என்று எண்ணி, கடைசி நாளில் நான்கு வரி எழுதி அனுப்பிவிடலாம் என்று தள்ளிவைக்கிறார்கள். எங்கள் விண்ணப்பத்தில் இழுபறி முழுவதும் அந்தத் தலைப்பின் கீழ்தான் நடந்தது. இதே பாதையில் வரும் சிறு பட்டறைக்காரர்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன்.

முதலில் கருவியைச் சொல்லிவிடுகிறேன். போர்வெல்லில் சப்மெர்சிபிள் மோட்டாரை இறக்கும்போதும் ஏற்றும்போதும், ஒரு குழாயை மாட்டி முடிக்கும் வரை கீழே தொங்கும் மொத்தப் பாரத்தையும் கிணற்று வாயில் ஏதாவது ஒன்று தாங்கியாக வேண்டும். வழக்கமாக இரண்டு பாதியாக உள்ள கிளாம்ப்பைக் கப்ளிங்குக்கு (இரண்டு குழாய்களை இணைக்கும் மூட்டு) கீழே வைத்து, போல்ட் போட்டு முறுக்குவார்கள். அன்னூர், சுல்தான்பேட்டைப் பக்கம் ஆயிரம் அடி போர் என்பது இன்று சாதாரணம். பத்தடிக் குழாய் ஒவ்வொன்றுக்கும் முறுக்கு, கழற்று, மறுபடி முறுக்கு என்று ஸ்பேனரும் கையுமாக ஆள் நிற்க வேண்டும். அவசரத்தில் ஒரு போல்ட் சரியாக இறுகாவிட்டால் மோட்டார், கேபிள், குழாய் எல்லாம் உள்ளே போய்விடும்.

ஆவாரம்பாளையத்தில் லேத் பட்டறை வைத்திருக்கும் என் அப்பா இதற்கு ஒரு மாற்று செய்தார். போர்வெல்லின் வாயில் பதித்திருக்கும் கேசிங் குழாயின் மேல் உட்காரும் ஒரு கூடு. அதன் உட்சுவர் கீழே போகப் போகக் குறுகும் டேப்பர். அதற்குள் இரண்டு தாடைகள். குழாயின் எடை தாடைகளைக் கீழே இழுக்க, டேப்பர் அவற்றை உள்நோக்கித் தள்ள, குழாய் இறுகுகிறது. குழாயை மேலே தூக்கினால் பிடி விடுகிறது. ஒரு நெம்புகோல் இரண்டு தாடைகளையும் இணைத்து, இரண்டும் ஒன்றாகவே ஏறி இறங்கும்படி வைக்கிறது. பி.வி.சி. குழாயில் கீறல் விழாமல் இருக்கத் தாடைகளுக்கு உள்பக்கம் ரப்பர் உறை. கேபிள் நசுங்காமல் இருக்க இரண்டு தாடைகளுக்கும் இடையே ஒரு சந்து.

கொடிசியா வளாகத்தில் நடக்கும் வேளாண் கண்காட்சியில் இதை வைக்க வேண்டும் என்று அப்பாவுக்கு ஆசை. விண்ணப்பத்துக்கு முன்னால் ஊருக்குக் காட்டிவிட்டால் புதுமை போய்விடும் என்பதால் முதலில் தற்காலிக விவரக்குறிப்பை, அதாவது கண்டுபிடிப்பை விளக்கும் ஆவணத்தின் முதல் வடிவத்தை, தாக்கல் செய்தோம். அதிலிருந்து 12 மாதங்களுக்குள் முழு விவரக்குறிப்பு கொடுக்க வேண்டும். கல்லூரி ப்ராஜெக்ட்களுக்கு விண்ணப்பம் எழுதித் தரும் ஒருவர் எழுதிக் கொடுத்தார். தனிநபர் என்பதால் இணையவழித் தாக்கலுக்கு 1,600 ரூபாய், ஆய்வு கோரும் படிவம் 18-க்கு 4,000 ரூபாய். பணம் கட்டியதில் பெரிய கதை எதுவும் இல்லை.

கதை கோரிக்கைகளில் இருக்கிறது. விவரக்குறிப்பின் கடைசியில் எண் போட்டு வரும் உரிமைக் கோரிக்கைகள்தான் காப்புரிமையின் எல்லை. முன்னால் இருபது பக்கம் எழுதியிருந்தாலும் கோரிக்கையில் வராதது உங்களுக்குச் சொந்தமில்லை. காப்புரிமைச் சட்டம், 1970-இன் பிரிவு 10(5), அவை தெளிவாகவும் சுருக்கமாகவும், விவரக்குறிப்பில் சொன்னதை ஆதாரமாகக் கொண்டும் இருக்க வேண்டும் என்கிறது. எங்கள் முதல் கோரிக்கை ஆங்கிலத்தில் இருந்தது. அதன் சாரத்தைத் தமிழில் தருகிறேன்:

“ஏறத்தாழ உருளை வடிவக் கூடும், பொருத்தமான இடத்தில் அமைந்த, முன்னுரிமையாக இரண்டு தாடைகளும், மென்மையான உறையும், குழாயும் கொண்டு, தாடைகளின் இடைவெளி குழாயின் வெளிவிட்டத்தைவிடச் சற்றுக் குறைவாக இருந்து, தானாக இறுகிச் சேதமின்றி உறுதியாகப் பிடிக்கும், பயன்படுத்த எளிதான கருவி.”

பட்டறையில் வாசித்தபோது யாருக்கும் உறுத்தவில்லை. கருவியைத் தெரிந்தவருக்கு உறுத்தாது, ஏனென்றால் விட்டுப்போனதை அவர் மனத்திலேயே நிரப்பிக்கொள்கிறார். ஆய்வாளருக்கு அந்த வசதி இல்லை. ‘ஏறத்தாழ’ என்றால் எவ்வளவு, ‘பொருத்தமான’ என்பதை யார் முடிவு செய்வது, ‘முன்னுரிமையாக’ என்றால் இரண்டு கட்டாயமா இல்லையா என்று ஒவ்வொன்றாகக் கேட்டிருந்தார். மூன்றாம் கோரிக்கையில் ‘மேற்படி நெம்புகோல்’ என்று வருகிறது. நெம்புகோல் முதன்முதலில் அறிமுகமாவதோ நான்காம் கோரிக்கையில்தான். ‘படங்களில் விளக்கியபடியான கருவி’ என்று ஒரு கடைசிக் கோரிக்கை இருந்தது. அதை நீக்கச் சொன்னார். இவையெல்லாம் ஒரு மாலையில் தீர்ந்தவை. மூன்று ஆட்சேபங்கள் தீரவில்லை.

பதில் எழுத இந்த முறை கோவையிலேயே ஒரு பேட்டன்ட் ஏஜென்ட்டை (காப்புரிமை முகவர்) பிடித்தோம். அறிக்கை தேதியிலிருந்து ஆறு மாதம் அவகாசம் உண்டு; கேட்டால் இன்னும் மூன்று மாதம் நீட்டிக்கலாம். அவர் பட்டறைக்கு வந்து, கருவியைப் பார்க்கும் முன்பே அப்பாவிடம் கேட்டார்:

“குழாயும் நீங்களே விற்கிறீர்களா அண்ணா?”

“இல்லைங்க. குழாய் தோட்டக்காரர் வாங்குவது.”

“பிறகு ஏன் கருவியின் பாகங்களில் குழாயையும் சேர்த்திருக்கிறீர்கள்?”

ஆய்வாளரின் முதல் பெரிய ஆட்சேபமும் அதுதான். குழாய் கருவியின் பகுதியா, கருவி பிடிக்கப்போகும் வெளிப் பொருளா என்பது தெரியவில்லை. தாடை இடைவெளியைக் குழாயின் விட்டத்தைக் கொண்டு அளந்திருக்கிறீர்கள், குழாயின் விட்டமோ ஆளுக்கு ஆள் மாறும் என்று எழுதியிருந்தார். இதில் வணிக ஆபத்தும் இருக்கிறது. ஒரு கோரிக்கையை மீறியதாகச் சொல்ல வேண்டுமானால், அதில் உள்ள பாகம் ஒவ்வொன்றும் எதிராளியின் பொருளில் இருக்க வேண்டும். குழாயைப் பாகமாக எழுதிவிட்டால், எங்கள் கருவியை அப்படியே நகலெடுத்து விற்பவர், ‘நான் குழாய் விற்கவில்லையே’ என்று வாதிட இடம் கிடைக்கும். குழாயோடு சேர்த்து வைத்திருப்பவர் தோட்டக்காரர். அவர் மீதா வழக்குப் போடுவது?

அப்பாவுக்கு இது கிரயப் பத்திரம் வழியாகத்தான் பிடிபட்டது. பழைய பத்திரங்களில் சக்குபந்தி, அதாவது நிலத்தின் நான்கு எல்லைகளைச் சொல்லும்போது ‘இன்னாரின் தோட்டத்துக்குக் கிழக்கு, இட்டேரிக்குத் (தோட்டங்களுக்கு நடுவே போகும் வண்டிப்பாதை) தெற்கு’ என்று எழுதியிருப்பார்கள். இன்னார் தோட்டத்தைப் பாகம் பிரித்து, இட்டேரியும் மறைந்த பிறகு, நம் நிலம் எங்கே தொடங்குகிறது என்பதற்கு அடுத்தவரைக் கேட்க வேண்டும். “அளவு நம் நிலத்திலேயே இருக்க வேண்டும் என்கிறார்கள், அவ்வளவுதானே அம்மிணி?” என்றார். அவ்வளவுதான்.

அதனால் குழாயை வெளியே எடுத்தோம். ‘குழாயை ஏற்கும் வகையில் அமைந்த நடுத்துளை’ என்ற அளவில் மட்டும் அது வருகிறது. இடைவெளியைக் கருவியின் சொந்த உறுப்புகளைக் கொண்டே சொன்னோம்: கூட்டில் மேலே ஒரு தடுப்பு, கீழே ஒரு தடுப்பு, தாடைகள் மேல் தடுப்பில் நிற்கும்போது உள்ள இடைவெளியைவிடக் கீழ் தடுப்பில் நிற்கும்போது உள்ள இடைவெளி குறைவு. இப்போது கருவியை மட்டும் மேசையில் வைத்து, எந்தக் குழாயும் இல்லாமல், கோரிக்கையோடு பொருந்துகிறதா என்று பார்த்துவிடலாம்.

இரண்டாவது, ‘மென்மையான உறை’. மென்மை எதோடு ஒப்பிட்டு என்பது கேள்வி. இங்கேதான் தெளிவின்மை புதுமையையும் சேர்த்துக் கெடுக்கிறது. எண்ணெய்க் கிணறு தோண்டும் துறையில் டேப்பர் கூட்டுக்குள் தாடை இறங்கிக் குழாயைப் பிடிக்கும் ‘ஸ்லிப்’ என்ற அமைப்பு நெடுங்காலமாக இருக்கிறது. ஆய்வாளர் காட்டிய ஆவணங்களில் ஒன்றில், தாடையின் உள்பக்கம் பித்தளை. எஃகோடு ஒப்பிட்டால் பித்தளையும் மென்மைதானே! நாங்கள் எழுதிய சொல்லே எங்கள் ரப்பரைப் பித்தளையோடு ஒன்றாக்கிவிட்டது. பொதுப்படையான சொல் போட்டால் அதிகப் பாதுகாப்பு கிடைக்கும் என்று பலர் நம்புகிறார்கள். பழைய ஆவணங்களும் அந்தச் சொல்லுக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும் என்பதை யாரும் சொல்வதில்லை.

விவரக்குறிப்பில் நல்லவேளையாக இரண்டு விஷயங்கள் இருந்தன: உறை இயற்கை ரப்பர், நைட்ரைல் ரப்பர், பாலியூரிதேன் போன்ற மீள்மப் பொருளாக இருக்கலாம் என்ற வரி, கடினம் ‘ஷோர் ஏ’ என்ற ரப்பர் கடின அளவுகோலில் 60 முதல் 70 வரை என்ற குறிப்பு. அந்த எண்ணை முதல் கோரிக்கையில் போடலாமா என்பதில் வீட்டில் சண்டையே நடந்தது. போட்டால் ஒருவன் 75-இல் ரப்பர் ஊற்றித் தப்பிவிடுவான் என்று அப்பா; எண் போட்டால்தான் தெளிவு என்று பி.இ. படித்த என் தம்பி. இருவரும் பாதி சரி. ஏஜென்ட் முதல் கோரிக்கையில் ‘மீள்மப் பொருளாலான உறை’ என்று எழுதினார். பித்தளை அதோடு வெளியே போய்விட்டது. எண், முதல் கோரிக்கையைச் சார்ந்து நிற்கும் துணைக் கோரிக்கைக்குப் போனது.

மூன்றாவதுதான் கடினமானது: ‘தானாக இறுகி உறுதியாகப் பிடிக்கும்’. இது விளைவு, அந்த விளைவைத் தரும் அமைப்பு எது என்று சொல்லவில்லை என்றார் ஆய்வாளர். வாஸ்தவம்தான். டேப்பர் என்ற சொல்லே முதல் கோரிக்கையில் இல்லை! டேப்பரைச் சேர்ப்பதில் சிக்கல் இல்லை, விவரக்குறிப்பில் நிறைய இருந்தது. எவ்வளவு சரிவு என்பதில்தான் மாட்டினோம். சரிவு அதிகமானால் குழாய் நழுவும். குறைந்தால் தாடை கூட்டுக்குள் சிக்கிக்கொண்டு, தூக்கினாலும் விடாது. அப்பா பல கூடுகளைக் கடைந்து பார்த்து, எந்தச் சரிவிலிருந்து எந்தச் சரிவு வரை சரிப்படும் என்று வைத்திருந்தார். அந்த வரம்பு விவரக்குறிப்பில் ஒரு இடத்திலும் இல்லை. எழுதிக் கொடுத்தவர் கேட்கவும் இல்லை.

இப்போது சேர்க்க முடியாது. பிரிவு 59 அதில் கறாரானது. விலக்கல், திருத்தம், விளக்கம் என்ற வழிகளில் மட்டுமே மாற்றலாம். முன்பு விவரக்குறிப்பில் வெளிப்படுத்தாத எதையும் புதிதாக நுழைக்கக் கூடாது. திருத்திய கோரிக்கை பழைய கோரிக்கையின் எல்லைக்குள்ளேயே முழுவதும் அடங்க வேண்டும். தெளிவு ஆட்சேபத்துக்குப் பதில் சொல்கிறேன் பேர்வழி என்று புது விவரத்தைக் கொட்டுபவர்கள் இந்தப் பிரிவில் போய் விழுகிறார்கள்.

ஏஜென்ட் விவரக்குறிப்பை மறுபடி வரி வரியாக வாசித்தபோது, ‘மாதிரி வடிவமைப்பு’ என்ற பத்தியில் மூன்று அளவுகள் கிடைத்தன: கூட்டின் உள்விட்டம் மேலே 150 மி.மீ., கீழே 110 மி.மீ., உயரம் 120 மி.மீ. அப்பா அதைக் கேட்டதும் சிரித்துவிட்டார். பெரிய விட்டத்திலிருந்து சின்ன விட்டத்தைக் கழித்து, நீளத்தின் இரு மடங்கால் வகுத்தால் டேப்பர் கோணத்தின் டேன்ஜென்ட் வந்துவிடும். லேத்காரர் தினமும் போடும் கணக்கு. 40-ஐ 240-ஆல் வகுத்து, ஒன்பதரை டிகிரிக்குக் கொஞ்சம் குறைவு என்று கால்குலேட்டர் இல்லாமலே சொன்னார். கோணம் என்ற பெயரில் இல்லாவிட்டாலும் அது காகிதத்தில் இருந்தது. ஆனால் ஒரே ஒரு மதிப்பு, வரம்பு இல்லை. எனவே அந்த மூன்று அளவுகளையே ஒரு துணைக் கோரிக்கையாக வைத்தோம். முதல் கோரிக்கையில் கீழ்நோக்கிக் குறுகும் உட்சுவர், அதே சரிவுள்ள தாடை வெளிச்சுவர், கூட்டில் பொருத்திய நெம்புகோல், அதன் இரு கிளைகளும் இரு தாடைகளோடு இணைந்திருப்பது என்று அமைப்பை மட்டும் சொன்னோம். ‘தானாக’, ‘உறுதியாக’, ‘எளிதான’ மூன்றும் போயின.

ஒவ்வொரு உறுப்புக்குப் பின்னாலும் படத்தில் அந்த உறுப்புக்குக் கொடுத்த எண்ணை அடைப்புக்குறியில் போட வேண்டும் என்பது நடைமுறை. இது வெறும் சம்பிரதாயம் என்று நினைத்திருந்தேன். எண் போட உட்கார்ந்தபோது கீழ்த் தடுப்புக்குப் படத்தில் எண்ணே இல்லை என்பது தெரிந்தது. தடுப்பு வரையப்பட்டிருந்தது, பெயரில்லாமல். எண் கொடுத்தோம்.

தெரிந்த நெம்புகோலையும் தெரிந்த டேப்பரையும் சேர்த்து வைத்ததுதானே என்று பிரிவு 3(எஃப்) ஆட்சேபமும் இருந்தது. அவை தனித்தனியாக இயங்கவில்லை, நெம்புகோல் இல்லாவிட்டால் ஒரு தாடை முந்தி இறங்கிக் குழாயை ஒருபக்கம் தள்ளும் என்று ஒரு பத்தியில் பதில் கொடுத்தோம். அதற்கு மேல் அது வளரவில்லை.

திருத்தங்களைக் குறியிட்டுக் காட்டிய பிரதி ஒன்று, சுத்தப் பிரதி ஒன்று, ஒவ்வொரு மாற்றத்துக்கும் விவரக்குறிப்பில் ஆதாரம் எந்தப் பக்கம் எந்த வரி என்ற அட்டவணை ஒன்று அனுப்பினோம். அந்த அட்டவணையை யாரும் கேட்கவில்லை; ஏஜென்ட்டின் பழக்கம். விசாரணையில் அதுதான் எங்களைக் காப்பாற்றியது.

விசாரணைக்குச் சென்னை கிண்டியில் உள்ள காப்புரிமை அலுவலகம் வரை போக வேண்டியிருக்கவில்லை. காணொலி வழியாகவே நடந்தது. விண்ணப்பத்தை முடிவு செய்யும் அதிகாரியான கண்ட்ரோலர் நிதானமானவர். குழாயையும் உறையையும் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. நெம்புகோல் ‘கூட்டில் பொருத்தப்பட்டது’ என்கிறீர்கள், கூட்டில் எங்கே, அசையாமலா, சுழலும்படியா என்று கேட்டார். ஏஜென்ட் அட்டவணையைப் பார்த்துப் பக்கத்தைச் சொன்னார்: கூட்டின் மேல்விளிம்பில் ஒரு ஊசியில் சுழலும்படி. “அப்படியானால் அதைக் கோரிக்கையிலும் எழுதிவிடுங்களேன்” என்றார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அப்பா, “வேறு எங்கே வைக்க முடியும்?” என்று மைக்கில் விழும்படியே முணுமுணுத்தார். நான் மேசைக்கு அடியில் அவர் காலை மிதித்தேன்.

விசாரணை முடிந்து 15 நாட்களுக்குள் எழுத்து மூலமான வாதத்தையும் திருத்திய கோரிக்கைகளையும் கொடுக்க வேண்டும். ‘மேல்விளிம்பில் சுழலும்படி பொருத்திய’ என்று சேர்த்து அனுப்பினோம். அதற்குப் பிறகு கேள்வி வரவில்லை, காப்புரிமை வழங்கப்பட்டது.

ஒரு காரியம் மட்டும் பலர் கவனிக்காமல் விடுவது: விண்ணப்பித்து இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு காப்புரிமை கிடைத்தால், மூன்றாம் ஆண்டு முதல் சேர்ந்துவிட்ட புதுப்பித்தல் கட்டணம் மொத்தத்தையும், பதிவேட்டில் ஏறிய தேதியிலிருந்து மூன்று மாதங்களுக்குள் கட்ட வேண்டும். தனிநபருக்கு முதல் சில ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு 800 ரூபாய்தான். சான்றிதழைக் கண்ணாடிச் சட்டத்தில் மாட்ட அப்பா கொடுத்து அனுப்பிய அன்றே நான் அதைக் கட்டிவிட்டேன்.