ஒரே குழி, இரண்டு வீல்

மழைத்தண்ணீர் நிரம்பிக் கிடந்ததால் குழியின் ஆழம் தெரியவில்லை. காரின் முன்வீல் இறங்கி ஏறிய சத்தம் அடங்குவதற்குள் பின்வீலும் அதே குழியில் விழுந்தது. ஓரமாக நிறுத்தி டார்ச் அடித்துப் பார்த்தேன். டயரில் வெட்டு இல்லை, பக்கச்சுவரில் புடைப்பு இல்லை, அலாய் வீலின் முகத்தில் சிராய்ப்புகூட இல்லை. நிம்மதியாகக் கிளம்பிவிட்டேன்.

மறுநாள் வேகம் 80-ஐத் தொட்டதும் ஸ்டியரிங் நடுங்கியது. பேலன்சிங் செய்தேன். மெஷின் சரி என்று காட்டியது, ஓட்டினால் அதே நடுக்கம். ஈயக்கட்டி ஒட்டி எடையைச் சமன் செய்யலாம், வட்டம் வட்டமாக இல்லையென்றால் ஈயம் என்ன செய்யும்?

வேறு பட்டறையில் ஒரு பெரியவர் வண்டியைத் தூக்கி, என்னை அடியில் கூப்பிட்டார். "வெளிப்பக்கம் பார்க்காதீங்க தம்பி, உள்பக்கம் பாருங்க." உள்விளிம்பில் கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு பள்ளம். ஸ்போக்குகள் எல்லாம் வெளிமுகத்தை ஒட்டித் தாங்குகின்றன. உள்விளிம்புக்கு அந்தத் தாங்கல் கிடையாது, அடி வாங்கினால் முதலில் மடங்குவது அதுதான். கம்பெனி கொடுத்த 16 அங்குல வீலைக் கழற்றிவிட்டு, அழகுக்காக நான் வெளியில் வாங்கி மாட்டியது 18 அங்குலம். பழைய வீலின் 205/55 டயரில் (205 மில்லிமீட்டர் அகலம், அதில் 55 சதவீதம் பக்கச்சுவர்) பக்கச்சுவர் 113 மில்லிமீட்டர் உயரம், புதியதன் 225/40-ல் 90 தான். அடியை வாங்கிக்கொள்ள வேண்டிய ரப்பரில் 23 மில்லிமீட்டரை நானே குறைத்திருக்கிறேன்.

டயரைக் கழற்றி, வட்டம் எவ்வளவு கோணல் என்று முள்ளால் காட்டும் டயல் கேஜை விளிம்பில் வைத்து மெல்லச் சுற்றினார். முள் ஒரே இடத்தில் எகிறி இறங்கியது: 2.6 மில்லிமீட்டர். ஒரு மில்லிமீட்டரைத் தாண்டினாலே நடுக்கம் கையில் தெரியும் என்றார்.

பின்வீலுக்கு நடுக்கமே இல்லை. ஆனால் தினமும் காற்று கொஞ்சம் குறைந்துகொண்டே வந்தது. பஞ்சர் தேடி, வால்வு பார்த்து, கடைசியில் அவர் சோப்புத் தண்ணீரை ரிம்மின் உள்பக்கம் ஊற்றினார். டயரை ஒட்டி அல்ல, வெறும் உலோகத்தின் மேல், கடுகு கடுகாகக் குமிழிகள் வரிசை கட்டின. துடைத்துவிட்டு, விரிசல் காட்டும் சிவப்புத் திரவம் தெளித்து, மறுபடி துடைத்து, வெள்ளைப் பூச்சு அடித்துக் காத்திருந்தோம். இரண்டு சென்டிமீட்டர் நீளத்துக்குச் சிவப்புக் கோடு ஒன்று மெதுவாக ஊறி எழுந்தது. அந்த வீலோடுதான் நான்கு நாள் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு ஓட்டியிருக்கிறேன்.

மடங்கிய முன்வீலைக் கோட்டம் எடுக்கக் கொடுத்தேன். ஹைட்ராலிக் ஜாக்கால் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளி, நடுநடுவே கேஜ் வைத்துப் பார்த்து, 0.4 மில்லிமீட்டருக்குக் கொண்டுவந்தார்கள். மறுபடி சிவப்புத் திரவம் அடித்து, விரிசல் இல்லை என்று பார்த்த பிறகுதான் ஒப்புக்கொண்டேன். கோட்டம் எடுக்கும்போதே விரிசல் விடுவதும் உண்டு.

கோட்டம் எடுக்கச் சூடு காட்டும்போதும் கவனம் வேண்டும். இரும்பு மாதிரி அலுமினியம் சிவந்து எச்சரிக்காது. வார்த்தபின் சூடேற்றிக் குளிரவைத்து, 150-லிருந்து 180 டிகிரிக்குள் பல மணி நேரம் வைத்துப் பக்குவப்படுத்தித்தான் அலாய் வீலுக்கு அந்த உறுதியைக் கொடுக்கிறார்கள். கேஸ் டார்ச்சை அளவில்லாமல் காட்டினால் அந்தப் பக்குவம் போய்விடும். பார்வைக்கு நேராக இருக்கும், அடுத்த குழியில் சுலபமாக மடங்கும்.

விரிசல் விட்ட வீலை வெல்டிங் வைத்துத் தருவதாக ஒரு இடத்தில் சொன்னார்கள். மறுத்துவிட்டேன். வெல்டிங் காற்றை அடைக்கலாம், ஆனால் அதன் சூட்டில் பக்கத்து உலோகம் இளகிவிடுகிறது. ஓடுகிற வண்டியில் அதை நம்பி நான் உட்கார மாட்டேன்.

அதே மாடல் இப்போது தயாரிப்பில் இல்லை. பழைய வீல் ஒன்று கிடைத்தது. பின்பக்கம் வார்த்திருந்த எழுத்துகளைப் பார்த்தேன்: 18 அங்குலம், 8ஜே, அதாவது 8 அங்குல அகலம், 5×114.3, அதாவது 114.3 மில்லிமீட்டர் வட்டத்தில் ஐந்து நட் துளை, ஆஃப்செட் 45, அதாவது வண்டியில் ஒட்டும் முகம் வீலின் நடுக்கோட்டிலிருந்து 45 மில்லிமீட்டர் தள்ளி, எல்லாம் பொருந்தியது. விரலால் உள்பக்கம் தடவியபோது பெயின்ட்டுக்கு அடியில் ஒரு தழும்பு தட்டுப்பட்டது. யாரோ வெல்டிங் வைத்து, தேய்த்து, பெயின்ட் அடித்து விற்கிறார்கள். அங்கேயே வைத்துவிட்டு வந்தேன்.

எடுத்து வைத்திருந்த 16 அங்குல வீல்களையே திரும்ப மாட்டிவிட்டேன். மாட்டும்போது இரண்டு விஷயம் பார்க்க வேண்டியிருந்தது. வெளியில் வாங்கிய வீலின் நடுத்துளை 73.1 மில்லிமீட்டர், என் வண்டியில் வீல் உட்காரும் ஹப் 67.1, இடைவெளியை நிரப்பப் போட்டிருந்த வளையங்களைக் கழற்ற வேண்டும். அந்த வீலுக்குக் கூம்பு வடிவ நட், கம்பெனி வீலுக்கு உருண்டை அடி நட். மாற்றிப் போட்டால் நட் சரியாக உட்காராது, ஓடஓடத் தளரும். நூறு கிலோமீட்டர் ஓட்டியபின் முறுக்கும் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்சால் எல்லா நட்டையும் மறுபடி பார்த்தேன்.

விரிசல் விட்ட வீலைப் பழைய இரும்புக்காரரிடம் முழுசாகக் கொடுக்கவில்லை. பட்டறையில் கேட்டு, கட்டர் போட்டு இரண்டாக அறுத்த பிறகுதான் கொடுத்தேன்.