மைக்கை வைத்துவிட்டு ஹெட்போன் மாட்டிய கதை

நோம்பி (ஊர்த் திருவிழா) சமயத்தில் ஆர்கெஸ்ட்ரா நடக்கும்போது, பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே பாடகர் தண்ணி குடிக்கப் போவார். அந்த இடைவெளிதான் எங்களுக்கு. கோபி, அந்தியூர், பவானி என்று மிமிக்ரி பண்ணிச் சுற்றினேன். பிறகு அடுத்தவர் குரலை விட்டுவிட்டுச் சொந்தக் குரலில் பேச ஆரம்பித்து, யார் வேண்டுமானாலும் மேடையேறிப் பேசலாம் என்கிற கோவை ஓப்பன் மைக் வரைக்கும் வந்தேன். நம்ம கொங்குப் பக்கத்துக் கூட்டத்தைச் சிரிக்க வைப்பது லேசுப்பட்ட காரியமில்லை. ஒருமுறை பாதி நிகழ்ச்சியில் முன்வரிசைப் பெரியவர், "ஏனுங் தம்பி, காமெடி எப்பங் ஆரம்பிப்பீங்க?" என்றார். அன்றைக்கு விழுந்த பெரிய சிரிப்பு அவருக்குத்தான்.

டிவிக்குள் நுழைந்தது காமெடித் தொடர் எழுத்தாளனாக. ஈரோட்டில் சேரன் எக்ஸ்பிரஸ் ஏறினால் விடிகாலை சென்னை. எழுதினவன் ரிகர்சலில் நிற்க வேண்டும், நின்றவனிடம் "இதை எப்படிச் சொல்றதுண்ணா?" என்று நடிகர்கள் கேட்பார்கள். சொல்லிக் கொடுத்துக் கொடுத்தே இயக்குநர் ஆனேன். அதில் பெரிய போராட்டக் கதையெல்லாம் இல்லை.

போராட்டம் அதற்கப்புறம். மேடையில் டைமிங் என் வாயில் இருந்தது. சிரிப்பு அடங்கும்வரை நின்று, அடுத்ததை எடுத்துவிடலாம். ஷூட்டிங் நடக்கும் ஃப்ளோரில் சிரிக்க ஆளே கிடையாது. லைட்மேன் சிரித்தால் அதுவும் பதிவாகிவிடும். நான் ஹெட்போன் மாட்டிக்கொண்டு பி.சி.ஆர். என்கிற கட்டுப்பாட்டு அறையில், மூன்று கேமராவின் மானிட்டர்களுக்கு முன்னால். ஜோக் விழுகிற கணத்தில் எந்தக் கேமராவை எடுப்பது? பேசுகிறவர் முகம் என்பதுதான் வழக்கம். ஆனால் உடுமலைப் பக்கம் வல்லகுண்டபுரத்திலிருந்து போன கவுண்டமணி செந்திலைத் திட்டும் காட்சி எதையாவது நினைத்துப் பாருங்கள். வசவு பாதிதான், மீதி அதை வாங்கிக்கொள்கிற முகம். அதனால் இரண்டாம் கேமரா கேட்கிறவர் முகத்தை விட்டு நகரவே கூடாது என்று வைத்தேன்.

எடிட்டில்தான் அதன் பலன் தெரிந்தது. மணிக்கு 12 நிமிடம் விளம்பரம். அரை மணி ஸ்லாட்டில் 6 நிமிடம் அதற்கே போகும். டைட்டில், முன்கதை எல்லாம் கழித்தால் கையில் 22 நிமிடம் நின்றால் அதிகம். எடிட்டர் முதலில் கை வைப்பது மௌனத்தில். நம்ம ஊர்க் குசும்போ மரியாதையாகத்தான் வரும்: "நீங்க படிச்சவீங்க, உங்களுக்குத் தெரியாததுங்களா?" அதற்குப் பிறகு ஒரு நொடி நிற்க வேண்டும். அந்த நொடியை வெட்டினால் அது வெறும் பாராட்டு. அங்கே கேட்டவர் முகம் மெல்ல மாறுகிற ஷாட் இருந்தால், வெட்ட எடிட்டருக்கே மனசு வராது.

இன்னொரு தலைவலி பேச்சு. வெளியூர் நடிகர்களுக்குக் கொங்குத் தமிழ் என்றால் எல்லா வாக்கியத்துக்கும் 'ங்' வால் ஒட்டினால் முடிந்தது. கேட்கவே கூச்சமாக இருக்கும். ஈரோட்டில் நாடகம் ஆடுகிற அக்கா ஒருவரை நடிக்க அழைத்துப் போனேன். வசனத்தை ஒருமுறை படித்துவிட்டு, "இப்படியெல்லாம் ஆருங் கண்ணு பேசுவாங்க?" என்று பேப்பரைத் திருப்பிக் கொடுத்தார். அவர் சொன்னதையே எழுதிக்கொண்டோம்.

சிரிப்புச் சத்தம் சேர்க்கச் சொல்லி சேனலில் இன்னமும் கேட்கிறார்கள். எனக்குப் பிடிக்காது, ஆனாலும் சேர்க்கிறோம்: அக்கா முகத்துக்குக் கட் விழுந்து பத்து ஃப்ரேம் (அரை நொடிக்கும் குறைவு) தள்ளி, அதுவும் சன்னமாக.