மேடு ஏறி வந்ததால் இருக்கும்

கர்ப்பிணிக்கு பிரஷர் கொஞ்சம் கூடுதலாக இருந்தால் மலையில் எல்லோருமே ஒரே காரணம்தான் சொல்வார்கள். "மேடு ஏறி வந்தனுங்க சிஸ்டர், அதான்." ஏற்காட்டுப் பக்கம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸாக இருக்கும் நான் இதைக் கேட்காத கர்ப்பிணிகள் கிளினிக் நாளே கிடையாது. அவர்கள் பொய் சொல்லவில்லை. எஸ்டேட் லைன் வீட்டிலிருந்து காபிச் செடிகளுக்கு நடுவே ஏறி இறங்கி, மூச்சு வாங்க வந்து உட்கார்ந்தால் பிரஷர் ஏறித்தான் இருக்கும். ஆனால் அந்தக் காரணத்தைக் கேட்டு தலையாட்டிவிட்டு அட்டையில் 120/80 என்று எழுதி அனுப்புவதுதான் எனக்கு ஆகவே ஆகாது. நடந்து வந்ததால் ஏறியதா என்று தெரிந்துகொள்ள வழி இருக்கிறதே, உட்கார வைத்துப் பார்த்தால் போச்சு.

முதலில் ஐந்து நிமிஷம் சாய்ந்து உட்காரணும், கால் தரையில் ஊன்றியிருக்கணும், கை நெஞ்சு மட்டத்தில் மேசை மேல் இருக்கணும், பேசக் கூடாது (கூட வந்த மாமியாரும்தான்!). பிரஷர் கருவியின் பட்டையைச் சட்டைக் கையின் மேல் கட்டக் கூடாது. கை பருமனாக இருந்தால் பெரிய பட்டை வேண்டும், சின்னதைக் கட்டினால் பிரஷர் கூடுதலாகக் காட்டும். 138 என்றால் 138 என்றே எழுதணும்.

அப்படித்தான் ஒரு பெண், எட்டாம் மாசம், வந்தவுடன் 148/96. உட்கார வைத்தபிறகு 144/94. சாப்பிட வைத்து, நான்கு மணி நேரம் கழித்துத் திரும்பப் பார்த்தாலும் 142/92. மேடு ஏறிய களைப்பு அவ்வளவு நேரம் நிற்காது. இருபதாம் வாரத்துக்கு அப்புறம் புதிதாக 140/90, அதுவும் இடைவெளி விட்டு இரண்டு தடவை வந்தால் அது நோய்தான். இருபது வாரத்துக்கு முன்பே இருந்தால் கர்ப்பத்துக்கு முன்பிருந்தே உள்ள பிரஷராக இருக்கலாம், அதனால்தான் முதல் மாசங்களிலேயே பதிவுக்கு வரச் சொல்லிக் கெஞ்சுகிறோம். நடு மாசங்களில் பிரஷர் தானாகவே கொஞ்சம் இறங்கும், அப்போது முதல்முறையாக வருகிறவர்களிடம் பழைய பிரஷர் ஒளிந்துகொள்ளும்.

அந்தப் பெண்ணின் சிறுநீரில் உப்பு (புரதத்தைத்தான் அப்படிச் சொல்வோம்) இல்லை. உடனே மாமியார், "உப்பு இல்லைனுட்டாங்க, வா கண்ணு போலாம்" என்று பையை எடுத்துவிட்டார். உப்பு இல்லாவிட்டாலும் ரத்தத் தட்டணுக்கள் ஒரு லட்சத்துக்குக் கீழே போயிருந்தாலோ, ஈரலோ சிறுநீரகமோ பாதித்திருந்தாலோ ப்ரீஎக்லாம்ப்சியாதான், அதாவது பிரஷரோடு மற்ற உறுப்புகளையும் பாதித்து வலிப்பு வரை கொண்டுபோகக்கூடிய கர்ப்பகால நோய். அதைக் கண்டுபிடிக்க ரத்தப் பரிசோதனை வேண்டும். இன்னொன்று, கேட்டால்தான் சொல்வார்கள். விடாத தலைவலிக்குத் தைலம் தடவியிருப்பார்கள், வலது விலாவுக்குக் கீழே வலியை கேஸ் என்று சோடா குடித்திருப்பார்கள், கண் மங்கலை ரத்தசோகை என்று விட்டிருப்பார்கள். கால் வீக்கத்துக்கு மட்டும் பயப்படுவார்கள், அதுவோ நல்லபடியாக இருக்கும் பெண்களுக்கும் வரும். இந்தப் பெண்ணுக்கும் இரண்டு நாளாகத் தலைவலி. டாக்டர் அன்றே சேலத்துக்கு அனுப்பினார்.

160/110 என்றால் நான்கு மணி நேரமெல்லாம் காத்திருக்க முடியாது. பதினைந்து நிமிஷத்தில் திரும்பப் பார்த்து, அப்போதும் அப்படியே இருந்தால் டாக்டர் சொல்படி மாத்திரை, வலிப்பு வராமலிருக்க மெக்னீசியம் ஊசி, கையோடு 108. ஏற்காட்டிலிருந்து சேலம் போக 20 கொண்டை ஊசி வளைவு இறங்கணும், வலிப்பு வந்தால் வளைவில் வண்டிக்குள் வைத்து என்ன செய்ய முடியும்? அதனால் முதல் டோஸை மேலேயே போட்டுவிட்டுத்தான் அனுப்புவோம்.

குழந்தை பிறந்தாச்சு, இனி பிரஷர் எதற்கு என்று அட்டையை மடித்து வைத்துவிடுகிறார்கள். பிரசவத்துக்கு அப்புறமும் வலிப்பு வரும், முதல் வாரம் ரொம்பக் கவனம் வேண்டும். தாய்வீடு போகிறவர்களிடம் எந்த ஊர் என்று கேட்டு, அந்த ஊர் நர்ஸுக்கு ஒரு போன் போட்டுவிடுகிறேன்.